ஒரு வயரையும் வெட்டாமல் ஆர்கேட் பெட்டியை எமுலேட்டர் ஆக்கும் முறை

காசு போட்டு விளையாடும் பழைய ஆர்கேட் பெட்டி ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது கட்டிங் பிளையரைத்தான். உள்ளே இருக்கும் போர்டு, வயர்க்கட்டு, பிக்சர் டியூப் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, காலி மரப்பெட்டிக்குள் எமுலேட்டர், அதாவது பழைய விளையாட்டுகளை ஓட்டிக் காட்டும் மென்பொருள், ஏற்றிய ஒரு கம்ப்யூட்டரையும் எல்.சி.டி. திரையையும் உட்கார வைக்கிறார்கள். விளையாட்டு ஓடும்தான். ஆனால் இனி யாரும் புதிதாகச் செய்யாத டியூபும், அதற்கென்றே செய்த வயரிங்கும் காயலான் கடைக்குப் போய்விடும். பெரும்பாலான பெட்டிகளில் இந்த அழிவுக்குத் தேவையே இல்லை. உள்ளே இருக்கும் ஒரே ஒரு கனெக்டரைக் கழற்றி, அதே இடத்தில் வேறொரு போர்டைச் செருகினால் வேலை முடிந்தது. நாளைக்கே மனம் மாறினால் பழைய போர்டைத் திரும்பச் செருகலாம். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். மல்டிமீட்டர் பிடிக்கவும், பிளக் டாப் மாட்டவும் தெரிந்திருந்தால் போதும்.

முதல் வேலை: உங்கள் பெட்டி எந்த வகை?

1980-களின் முதல் பாதிவரை ஒவ்வொரு விளையாட்டுக்கும் வயரிங் தனித்தனி. கடைக்காரர் விளையாட்டை மாற்ற வேண்டுமென்றால் பெட்டிக்குள் பாதி வயரையாவது மாற்றியாக வேண்டும். 1985-ல் ஜப்பானின் கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொது இணைப்பு முறையை வகுத்தது. ஜாமா என்று அழைக்கப்படுவது அதுதான். போர்டின் ஓரத்தில் ஒரு பக்கத்துக்கு 28 என மொத்தம் 56 தொடுமுனைகள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 3.96 மில்லிமீட்டர் இடைவெளி. கரண்ட், படம், ஒலி, இரண்டு ஆட்டக்காரர்களின் ஜாய்ஸ்டிக், பட்டன்கள், ஸ்டார்ட், காயின் என்று பெட்டிக்கும் போர்டுக்கும் நடுவில் போகும் அத்தனையும் இந்த ஒரே கனெக்டர் வழியாகத்தான் போகிறது. நம் வேலை முழுவதும் இதை நம்பியே இருக்கிறது.

பின்கதவைத் திறந்து, விளையாட்டு போர்டின் ஓரத்தில் செருகியிருக்கும் நீளமான கனெக்டரைப் பாருங்கள். ஒரு வரிசையில் 28 முனை இருந்து, ஏழாவது இடம் வயர் இல்லாமல் சிறு பிளாஸ்டிக் தடுப்போடு இருந்தால் அது ஜாமா. முனைகளின் எண்ணிக்கை வேறாக இருந்தால் பழைய முறை. பேக்-மேன் போர்டில், எடுத்துக்காட்டாக, 44 முனைகள். அப்படிப்பட்ட பெட்டிகளுக்கும் அடாப்டர் உண்டு. ஆனால் என் கருத்தைக் கேட்டால், ஒரே விளையாட்டுக்கென்று பிறந்து, பக்கவாட்டு ஓவியமும் கண்ட்ரோல் பேனலும் அசலாகவே நிற்கும் பெட்டியை எமுலேட்டராக மாற்றாதீர்கள். அதைப் பழுதுபார்த்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பழுதுபார்க்கத் தெரிந்தவருக்குக் கொடுத்துவிட்டுப் பொதுவான ஜாமா பெட்டி ஒன்றை வாங்குங்கள்.

வாங்கும் முன் மரத்தையும் பாருங்கள். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இவற்றால் செய்தவை. அடிப்பாகம் தண்ணீர் பட்டு ஊதியிருக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா என்று திருப்புளியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அடிப்பலகை போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பக்கப்பலகை போயிருந்தால் அந்தப் பெட்டியே வேண்டாம். எலி புகுந்த பெட்டி என்றால் வயர்க்கட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது: உயிருக்கு ஆபத்தான இடங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

டியூபின் பக்கவாட்டில் ஒரு சிவப்பு அல்லது கறுப்பு ரப்பர் கிண்ணம் ஒட்டியிருக்கும். அதற்குள் வரும் இ.எச்.டி. என்னும் உயர் வோல்ட்டேஜ் வயரில், டியூபின் அளவைப் பொறுத்து, 20,000 முதல் 25,000 வோல்ட்வரை ஓடும். பிளக்கை உருவிய பிறகும் டியூப் அந்த மின்சாரத்தைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும். அதே மானிட்டரின் சேஸிஸ் போர்டில், அதாவது டியூபை ஓட்டும் சர்க்யூட்டில், இருக்கும் பெரிய கெப்பாசிட்டரிலும் நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். ஆகவே முதல் விதி: கனெக்டரை மட்டும் மாற்றும் வேலைக்கு மானிட்டர் பக்கம் கையே போகக் கூடாது. நாம் செய்யப்போகும் முறையில் போகவும் தேவையில்லை. வயரை வெட்டாத வழியின் பெரிய லாபமே இதுதான்.

டியூபைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், முதல் முறை ஒரு பழைய டிவி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பிக்சர் டியூப் டிவிகளில் கை பழகியவர்கள் இன்னும் ஊருக்கு ஓரிருவர் இருக்கிறார்கள். அவர் செய்வது இப்படி இருக்கும்: பிளக்கை உருவுவார். நீளமான இன்சுலேட்டட் திருப்புளியின் உலோகப் பகுதியில் ஒரு வயரின் கிளிப்பை மாட்டி, மறுமுனையை டியூபைச் சுற்றி ஓடும் உலோகப் பின்னல் கம்பியில் மாட்டுவார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறுகையால் திருப்புளி நுனியை ரப்பர் கிண்ணத்துக்குள் நுழைத்து நடுவில் இருக்கும் உலோகத்தைத் தொடுவார். ‘டப்’ என்று சத்தம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். சிறிது நேரம் விட்டு இன்னொரு முறையும் செய்வார், ஏனென்றால் டியூபில் மிச்சம் மெல்ல மெல்லத் திரும்பிச் சேரும். டியூபின் கழுத்து மிகவும் மெல்லிய கண்ணாடி. தூக்கும்போது அங்கே இடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

அடுத்தது வீட்டுக் கரண்ட். ஜப்பானிலிருந்து வந்த பெட்டி 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டுக்கும் செய்ததாக இருக்கும். நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றே கதை முடிந்தது. பெட்டியின் பின்புறத் தகட்டைப் படித்து, தேவையான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரை முதலில் வாங்குங்கள். பெட்டியின் அடியில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கெனவே ஒன்று இருந்தால், அதை வேண்டாத பாரம் என்று கழற்றிவிடாதீர்கள். பல ஆர்கேட் மானிட்டர்களின் சேஸிஸ் மெயின்ஸ் கரண்ட்டோடு நேரடித் தொடர்பு இல்லாமல் ஓட வேண்டும். அந்தப் பிரிப்பைச் செய்வது அந்த ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான்.

பிளக்கை உருவிய நிலையில் மல்டிமீட்டரை ஓம் வரிசையில் வைத்து, பிளக்கின் எர்த் முனைக்கும் காயின் கதவுக்கும், எர்த் முனைக்கும் கண்ட்ரோல் பேனலின் உலோகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எர்த் வயர் எங்கோ விட்டிருக்கிறது. குழந்தைகள் வெறுங்காலோடு நின்று கை வைக்கப்போகும் உலோகம் அது. எர்த் சரியாகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். பெட்டி மாட்டும் சர்க்யூட்டில் மின்கசிவு ஏற்பட்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பதும் அவசியம்.

மூன்றாவது: பழைய போர்டோடு ஒருமுறை ஓட்டுங்கள்

எதையும் கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒவ்வொரு கனெக்டரிலும் ஒட்டுங்கள். பழைய போர்டு ஓடுகிறது என்றால், படம், ஒலி, ஒவ்வொரு பட்டன், காயின் எல்லாம் வேலை செய்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது வேலை செய்யாவிட்டால் பழி புதிய போர்டிலா பழைய வயரிலா என்று அந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

போர்டு ஓடும்போதே கனெக்டரின் பின்பக்கம் வழியாக வோல்ட்டேஜை அளந்துவிடுங்கள். இரண்டு வரிசையிலும் 1, 2 முனைகள் கிரவுண்ட். 3, 4 முனைகள் 5 வோல்ட். 5 என்பது மைனஸ் 5 வோல்ட். 6 என்பது 12 வோல்ட். 27, 28 மறுபடி கிரவுண்ட். கறுப்பு முனையை 1-ல் வைத்து, சிவப்பை 3-ல் வைத்தால் 5.0 முதல் 5.1 வரை காட்டுவது நல்லது. குறைவாக இருந்தால் பெட்டியின் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகைத் துளித்துளியாகத் திருப்பிச் சரிசெய்யலாம். பிறகு நாம் செருகப்போகும் ராஸ்பெரி பை என்னும் சின்னக் கம்ப்யூட்டர், 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்னல் குறியைக் காட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘விளையாட்டு திக்கித் திக்கி ஓடுகிறது’ என்ற புகாரை விசாரித்தால் பல நேரம் காரணம் இந்த வோல்ட்டேஜ்தான்.

நான்காவது: எதைச் செருகுவது

இங்கே ஒரு விஷயம் புரிந்தால்தான் மற்றது விளங்கும். பெரும்பாலான ஆர்கேட் டியூப்கள் நொடிக்குச் சுமார் 15,700 கோடுகளை வரையும்படி செய்தவை. 15 கிலோ ஹெர்ட்ஸ் என்று சொல்வது இதைத்தான். கம்ப்யூட்டரின் வி.ஜி.ஏ. குறைந்தபட்சமே 31,500 கோடுகளை அனுப்பும். வி.ஜி.ஏ. வயரை நேராக அந்த மானிட்டரில் இணைத்தால் படம் கிழிந்து தெரியும். அப்படியே விட்டுவைத்தால் மானிட்டரின் சேஸிஸ் எரியவும் கூடும். இரண்டுக்கும் நடுவே சரியான போர்டு வேண்டும்.

டியூப் நன்றாக இருந்தால், புதியவர்களுக்கு நான் சொல்வது ராஸ்பெரி பையின் மேல் உட்காரும் ஜாமா அடாப்டர். பையின் 40 பின்கள் வழியாகவே 15 கிலோ ஹெர்ட்ஸ் படத்தையும், பட்டன்களையும், ஒலியையும் எடுத்து ஜாமா ஓரமாக மாற்றிக் கொடுக்கும். 5 வோல்ட்டையும் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எந்தப் பை மாடலுக்கு என்று அடாப்டரைச் செய்தவர் சொல்கிறாரோ அதையே வாங்குங்கள். புது மாடல் என்பதற்காகப் பை 5 வாங்கிவிட்டுப் பிறகு பொருந்தவில்லை என்று தவிக்க வேண்டாம்.

கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றால் அல்டிமார்க் நிறுவனத்தின் ஜே-பேக் போர்டு. ஒரு பக்கம் ஜாமா ஓரம், மறுபக்கம் யு.எஸ்.பி.யும் வி.ஜி.ஏ.யும். பட்டன்களைக் கீபோர்டு எழுத்துகளாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டரின் மெல்லிய வீடியோ சிக்னலை ஆர்கேட் மானிட்டருக்கு வேண்டிய அளவுக்குப் பெருக்கும். 15 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டிய சிக்னல் வந்தால் டியூப் பக்கம் போக விடாமல் தடுத்துவிடும். இதோடு பழைய ரேடியான் கிராஃபிக்ஸ் கார்டு, அதற்கான சி.ஆர்.டி. எமுடிரைவர் என்னும் டிரைவர், குரூவிமேம் என்னும் எமுலேட்டர் மூன்றும் சேர்ந்தால் படம் அசல் போர்டுக்கு மிக நெருக்கமாக வரும். ஆனால் அமைப்பதற்குப் பொறுமை நிறைய வேண்டும்.

டியூப் செத்துவிட்டதா? அப்போதும் வயரை வெட்ட வேண்டாம். ஜே-பேக்கை வீடியோவுக்குப் பயன்படுத்தாமல் பட்டன்களுக்கு மட்டும் ஜாமா கனெக்டரில் செருகி, யு.எஸ்.பி. வழியாகப் பையில் மாட்டுங்கள். படம் எச்.டி.எம்.ஐ. வழியாக எல்.சி.டி.க்குப் போகட்டும். அகலத்திரை வாங்காதீர்கள். அலுவலகங்கள் கழித்துக்கட்டும் சதுரமான பழைய 17, 19 அங்குல மானிட்டர்கள் 1280-க்கு 1024 அளவில் பெட்டியின் வாயை நன்றாக அடைத்துக்கொள்ளும். மானிட்டர் முதுகில் இருக்கும் 100 மில்லிமீட்டர் திருகுத் துளைகளில் ஒரு பிளைவுட் பலகையை முடுக்கி, அந்தப் பலகையை டியூப் நின்ற சட்டத்தில் பொருத்துங்கள்.

கனெக்டரைச் செருகும்போது அந்த ஏழாவது தடுப்பு இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். பல பெட்டிகளில் அது எப்போதோ கழன்று போயிருக்கும். தடுப்பு இல்லையென்றால் கனெக்டர் தலைகீழாகவும் செருகும். 12 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போய் அடாப்டர் எரியும். பழைய போர்டைக் கழற்றும் முன்பே கனெக்டரின் மேல்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

ஐந்தாவது: கைபடும் இடம்

எமுலேட்டர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், ஜாய்ஸ்டிக் தளர்ந்திருந்தால் விளையாட்டில் சுவை இல்லை. பணம் மிச்சமிருந்தால் இங்கேதான் செலவிட வேண்டும்.

கண்ட்ரோல் பேனலைத் திருப்பி வையுங்கள். ஒவ்வொரு பட்டனின் அடியிலும் ஒரு மைக்ரோசுவிட்ச். அதில் மூன்று தகட்டு முனைகள். ‘காமன்’ என்பதில் கிரவுண்ட் வயர், ‘நார்மலி ஓபன்’ என்பதில் சிக்னல் வயர். மூன்றாவது முனை காலியாக இருக்க வேண்டும். அதில் சிக்னல் வயரை மாட்டினால் யாரும் தொடாமலே பட்டன் அழுத்தியபடி இருப்பதாக இயந்திரம் நினைத்துக்கொள்ளும். கிரவுண்ட் வயர் ஒரு பட்டனிலிருந்து அடுத்ததுக்குச் சங்கிலியாகப் போகும். நடுவில் ஒன்று கழன்றால் அதற்கு அடுத்த பட்டன்கள் எல்லாம் ஒரேயடியாகச் செத்துப்போகும். பல பட்டன்கள் ஒன்றாக வேலை செய்யாவிட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

ஜாய்ஸ்டிக்கில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தண்டு நடுவில் ஊன்றி ஆடுவதால், மேலே தள்ளும்போது அதன் அடிநுனி கீழ்ப்பக்கம் வந்து கீழே இருக்கும் சுவிட்சைத்தான் அழுத்தும். ஆகவே ‘மேல்’ என்ற வயர் கீழ்ச் சுவிட்சுக்குப் போக வேண்டும். இடமும் வலமும் அப்படியே. வயர் போட்டதும் மல்டிமீட்டரைப் ‘பீப்’ நிலையில் வைத்து ஒவ்வொரு திசையையும் தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

பட்டனை மாற்றுவதானால் துளையின் அளவை முதலில் அளக்க வேண்டும். சான்வா போன்ற ஜப்பானியப் பட்டன்களுக்கு 30 மில்லிமீட்டர் துளை. அமெரிக்க வகைக்குச் சுமார் 28.6. தகட்டு முனையும் வேறு: ஜப்பானியப் பட்டனில் 2.8 மில்லிமீட்டர், அமெரிக்க வகையில் பெரும்பாலும் 4.8. அந்த முனையில் செருகும் ஃபீமேல் லக்குகளை அந்தந்த அளவில் வாங்கி வயர் நுனியில் கிரிம்பிங் பிளையரால் அழுத்துங்கள். சால்டர் செய்தால் அடுத்தமுறை பட்டன் மாற்றும்போது வெட்ட வேண்டிவரும். சென்னை ரிச்சி தெருவிலும், கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் லக், மைக்ரோசுவிட்ச், எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் கிடைக்கும். நல்ல ஜாய்ஸ்டிக்கை இணையத்தில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும்.

ஜாமா முறை ஆளுக்கு மூன்று பட்டன்களுக்குத்தான் வழி வைத்தது. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-வுக்கு ஆறு பட்டன் வேண்டும் என்பதால் அதைச் செய்த கேப்காம் நிறுவனம் தன் போர்டில் தனியாக ஒரு சின்னக் கனெக்டர் வைத்தது. ஆட்டக்காரர்கள் அதைக் கிக் ஹார்னஸ் என்பார்கள். உங்கள் பெட்டியில் அது இல்லாவிட்டால், கூடுதல் பட்டன்களின் வயரை அடாப்டரில் அதற்கென்று உள்ள முனைகளில் இணைத்துக்கொள்ளலாம்.

எலி கடித்து வயர்க்கட்டே போன பெட்டிக்கு மட்டும் புது வயரிங். அப்போது பட்டன் அழுத்தலைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மலிவான யு.எஸ்.பி. என்கோடர்கள் இரண்டு வாங்குவதைவிட, இரண்டு பேருக்கும் சேர்த்து ஐ-பேக் 2 என்கோடர் ஒன்று வாங்குவது மேல். ஒரே மாதிரி இரண்டு என்கோடர் இருந்தால், பூட் ஆகும்போது முதல் ஆட்டக்காரரும் இரண்டாமவரும் இடம் மாறிப்போகும் தொல்லை வரலாம்.

ஆறாவது: மென்பொருளும் ரோமும்

எமுலேட்டர்களை அடக்கிய சிஸ்டங்களில், பை 4 வரை ரெட்ரோபை எளிது. பை 5-க்கும் கம்ப்யூட்டருக்கும் படோசெரா. ஜாமா அடாப்டருக்கு மட்டும் அதைச் செய்தவரே கொடுக்கும் இமேஜை, அதாவது கார்டில் அப்படியே ஏற்றும் முழு நகல் கோப்பை, பயன்படுத்துங்கள். 15 கிலோ ஹெர்ட்ஸ் அமைப்புகள் அதில் ஏற்கெனவே இருக்கும். ராஸ்பெரி பை இமேஜரால் எஸ்.டி. கார்டில் ஏற்றி, பூட் செய்து, திரை கேட்கும் வரிசையில் பட்டன்களை அழுத்தினால் அமைப்பு முடிந்தது.

தலைவலி ஆரம்பிப்பது இதற்குப் பிறகு. ஆர்கேட் எமுலேஷனின் அச்சாணி மேம் என்னும் திட்டம். இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் முதல் பதிப்பை வெளியிட்டார். அதன் நோக்கம் போர்டுகளின் உள்வேலையை ஆவணப்படுத்துவது. அசல் சிப்பிலிருந்து இன்னும் சரியான நகல் கிடைத்தால் அடுத்த பதிப்பு அந்தப் புதுக் கோப்பைக் கேட்கும். ஆகவே ஒரு பதிப்பில் ஓடிய ரோம் (சிப்பின் நகலான விளையாட்டுக் கோப்பு) இன்னொன்றில் ஓடாமல் போகலாம். பையில் வேகமாக ஓடும் மேம்-2003 என்பது 0.78 பதிப்பு, அதற்கு 0.78 ரோம் தொகுப்பே வேண்டும். இன்னொரு எமுலேட்டரான ஃபைனல்பர்ன் நியோவுக்கு அன்றன்றைய புதுத் தொகுப்பு. விளையாட்டு ஒரு நொடி கறுப்புத் திரை காட்டிவிட்டுப் பட்டியலுக்கே திரும்பினால், பத்தில் எட்டு நேரம் பதிப்புப் பொருத்தம் இல்லை என்று கொள்ளுங்கள். ஜிப் கோப்பைப் பிரிக்கவோ பெயரை மாற்றவோ கூடாது. நியோ ஜியோ என்னும் போர்டின் விளையாட்டுகளுக்கு அதன் தொடக்க மென்பொருளான பயாஸ் ஜிப்பும் அதே ஃபோல்டரில் இருக்க வேண்டும்.

ரோம் எங்கே வாங்குவது? பழையது என்பதால் இலவசம் ஆகிவிடாது. இந்த விளையாட்டுகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், இன்றும் விற்கிறார்கள். ஆயிரக்கணக்கான விளையாட்டு நிரப்பி விற்கும் எஸ்.டி. கார்டுகளை வாங்க வேண்டாம். மேம் தளத்திலேயே உரிமையாளர்கள் வணிகமற்ற பயன்பாட்டுக்கு அனுமதித்த கிரிட்லீ, ராபி ரோட்டோ, ஸ்டார் ஃபயர், டார்க் போன்றவை இருக்கின்றன. பெட்டியைச் சோதிக்க அவை தாராளம். இதற்கு மேல் உங்களிடம் இருக்கும் அசல் போர்டும், கம்ப்யூட்டருக்கு என்று விற்பனைக்கு வரும் அதிகாரபூர்வத் தொகுப்புகளும் இருக்கின்றன.

ஏழாவது: விளையாட்டுக்கு விளையாட்டு சரிசெய்வது

பேக்-மேன், டாங்கி காங் இரண்டும் நான்கு திசை ஜாய்ஸ்டிக்குக்குச் செய்தவை. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் திருப்பத்தில் கை லேசாகச் சரிந்தாலும் பேக்-மேன் சுவரில் முட்டி நிற்கும். ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் சதுர பிளாஸ்டிக் தட்டைத் திருப்பிப் போட்டால் சில வகைகளில் நான்கு திசையாகிவிடும். மாற்ற முடியாதவர்கள் எமுலேட்டரின் அமைப்பில் நான்கு திசையைத் தேர்ந்தெடுக்கலாம்.

பேக்-மேன் திரை நெடுக்கானது: 224-க்கு 288. படுக்கையாக இருக்கும் 15 கிலோ ஹெர்ட்ஸ் டியூபில் கண்ணுக்குத் தெரிவது 240 வரிகள்தான். அதனால் நெடுக்கு விளையாட்டுகள் அதில் சுருங்கியோ நடுங்கியோதான் வரும். அவைதான் உங்களுக்குப் பிடித்தவை என்றால் டியூபை நெடுக்காகத் திருப்பி மாட்ட இடமிருக்கும் பெட்டியைத் தேடுங்கள். எல்.சி.டி.யில் இந்தச் சிக்கல் இல்லை. இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், அவ்வளவுதான்.

காயின் கதவின் சுவிட்ச் ஏற்கெனவே ஜாமா வழியாக வருகிறது. அதை அப்படியே விடுங்கள். வீட்டில் ஒரு டப்பா நிறைய டோக்கன் வைத்துப் பிள்ளைகளைப் போடச் சொல்லுங்கள். எண்ணிக்கையில்லாத கிரெடிட் இருந்தால் எந்த விளையாட்டும் பத்து நிமிடத்தில் சலித்துப்போகும்.

விளையாட்டு முடிந்ததும் மெயின் சுவிட்சை நேராக அணைத்தால் எஸ்.டி. கார்டு கெட்டுப்போகலாம். மெனுவில் ஷட்-டவுன் கொடுத்து, பையின் பச்சை விளக்கு அடங்கிய பிறகு அணையுங்கள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த அன்றே கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு முழு இமேஜ் ஒன்றை எடுத்து வையுங்கள். அதே அளவு இன்னொரு கார்டில் ஏற்றி, பழைய போர்டோடு ஆன்டி-ஸ்டேட்டிக் கவரில் போட்டுப் பெட்டியின் பின்கதவுக்குள்ளேயே மாட்டி வைக்கலாம்.